"தண்ணீருக்குக் கிட்டப் போகாதே" என்பது பாதுகாப்பு ஆகாது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறையை ஒட்டிச் சென்ற இதழில் வந்த உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். இளையோர் கடல், ஆறு, ஏரி என்று அலையாமல் பெற்றோர் சொல்கேட்டு நடக்க வேண்டும் என்று முடித்திருந்தீர்கள். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இதை நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டுச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பிள்ளைகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். வெயில் முப்பது பாகையைத் தொட்டால் பத்தொன்பது வயதுப் பெடியன் கூட்டாளிகளோடு காரில் ஏறிக் கடற்கரைக்குப் போவான். மறித்தால் சொல்லாமல் போவான். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் வடமேற்கு லண்டனில் ஒரு பொது நீச்சல் தடாகத்தில் பகுதிநேரமாக நீச்சல் பழக்குகிறேன். பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணம். நீந்தப் பழகியது இங்கே, என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு. தண்ணீரைக் கண்டு பயப்படும் தாயையும் எனக்குத் தெரியும், அந்தத் தாயின் பிள்ளையையும் தெரியும். அந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

2016 ஆகஸ்ட் 24ஆம் திகதியை லண்டன் தமிழர் யாரும் மறந்திருக்க முடியாது. கிழக்கு சசெக்ஸில் உள்ள கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் எங்கள் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரே நாளில் மூழ்கிச் செத்துப்போனார்கள். 18 வயதிலிருந்து 27 வயது வரை. அதில் இரண்டு பேர் கூடப்பிறந்தவர்கள். அன்றைக்கு அந்தக் கரையில் உயிர்காப்பாளர் எவரும் கடமையில் இல்லை. அதே கரையில் அதற்கு முந்தைய மாதமும் மரணம் நடந்திருந்தது. இத்தனைக்கும் பிறகுதான் அங்கே உயிர்காப்பாளர்கள் வந்தார்கள்.

அந்த நாட்களில் செத்தவீட்டிலும் கோயில் வாசலிலும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "பிள்ளையளுக்கு நீச்சல் தெரியுமோ?" அந்தக் கேள்வி எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. தெரியாது என்று பதில் வந்தால் பழியைப் பிள்ளைகள் தலையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். கேம்பர் மிகவும் மட்டமான கரை. கடல் வற்றும்போது மணல் வெகுதூரம் வெளியே தெரியும். எவ்வளவு தூரம் நடந்து போனாலும் முழங்காலளவு தண்ணீர்தான். இடையிடையே மணல் திட்டுகள், திட்டுகளுக்கும் கரைக்கும் நடுவே பள்ளங்கள். கடல் திரும்பி ஏறும்போது முதலில் நிறைவது அந்தப் பள்ளங்கள். அதாவது திட்டில் நின்று பந்து விளையாடுகிறவனுக்கு முதுகுப் பக்கம். அவன் காலடி காய்ந்து கிடக்கும்போதே கரைக்குத் திரும்பும் வழி ஆழமாகிவிடும். நல்ல நீச்சல்காரனும் இதில் அகப்படலாம். கடல் எத்தனை மணிக்கு வற்றும், எத்தனை மணிக்கு ஏறும் என்று போக முன்னமே பார்க்க வேண்டும் என்பது இங்கே கடலோரத்தில் வளரும் பிள்ளைக்குத் தெரியும். எங்கள் பிள்ளைக்கு யார் சொன்னது?

தகப்பன் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். யாழ்ப்பாணக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் ஒரு மீற்றர் வித்தியாசம்கூட வராது. இங்கே தெற்குக் கரையில் பல மீற்றர். ஊரில் கடலோடு கிடந்து வளர்ந்த மனிதருக்கே இந்தக் கடல் புதிது. அதிலும் எங்களில் எத்தனை பேர் கடலோடு வளர்ந்தோம்? விருந்துகளில் "நாங்கள் தீவார், நீச்சல் எங்கட இரத்தத்திலை இருக்கு" என்று அளக்கும் ஆட்கள் உண்டு. அவர்களைத் தடாகத்துக்கு ஒருநாள் அனுப்பி வையுங்கள்.

உண்மை என்னவென்றால் எங்கள் தலைமுறையைத் தண்ணீரிலிருந்து பிரித்து வைத்தார்கள். மயிலிட்டித் துறைமுகம் 1990இல் இராணுவத்தின் கைக்குப் போய் 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. இருபத்தேழு வருடம். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்த பிள்ளைகள் கடலைக் காணாமலே முகாம்களில் வளர்ந்தார்கள். பிறகு 2004இல் ஆழிப்பேரலை. முல்லைத்தீவுக் கரையிலும் கிழக்குக் கரையிலும் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்றைக்கு ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் இருக்கின்றன. 2009இல் நந்திக்கடலைக் கடந்து வந்த தாய் ஒருத்தி, மகளைத் தடாகத்தில் விட்டுவிட்டுத் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாங்கில் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். அவருக்கு நான் என்ன புத்தி சொல்ல?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. ஊரில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் கடற்றொழில் செய்த சனங்கள். மற்றவர்கள் அதை மதிப்பான வித்தையாக எண்ணவில்லை. "எங்களுக்கேன் அது" என்று இருந்தோம். கிணற்றில் யார் அள்ளலாம், கேணியில் யார் இறங்கலாம் என்பதற்கும் சாதி பார்த்த ஊர் அது. இங்கே வந்து வெள்ளைக்காரர் எங்களைத் தடாகத்தில் ஒருமாதிரிப் பார்க்கிறார்கள் என்று குறைப்படுகிறோம். பார்க்கிறார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீரைச் சிலருக்கு மறிப்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, இனி இங்கத்தைய பிள்ளைகளின் கதைக்கு வருவோம். இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டப்படி ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது 25 மீற்றர் நீந்த வேண்டும். ஆபத்தில் தன்னைக் காத்துக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். கடதாசியில் நல்ல திட்டம். நடப்பது என்ன? பல பள்ளிக்கூடங்களில் நாலாம் வகுப்பில் சில கிழமைகள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். உடுப்பு மாற்றி, தலை துடைத்து, திரும்ப பஸ் ஏறும் நேரத்தைக் கழித்தால் தண்ணீருக்குள் நிற்பது அரை மணித்தியாலம் வருமோ தெரியாது. ஏற்கெனவே வெளியில் பாடம் எடுத்த பிள்ளை அந்த அரை மணித்தியாலத்தில் இன்னும் முன்னுக்குப் போகும். எங்கள் பிள்ளை ஆழமில்லாத பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கிழமைகள் முடிந்துவிடும். பதின்மூன்று வயதில் வவுனியாவிலிருந்து வந்து சேரும் பிள்ளைக்கு அந்தச் சில கிழமைகளும் இல்லை.

2020 அளவில் இங்கிலாந்து நீச்சல் சங்கம் வெளியிட்ட கணக்கில், ஆசியப் பிள்ளைகளில் நூற்றுக்கு 78 பேரும் கறுப்பினப் பிள்ளைகளில் 80 பேரும் நீந்தப் போவதே இல்லை. வளர்ந்தவர்களில் அது 93, 95. இதில் காசுக்கும் பங்கு உண்டு. இரவுவேலை செய்யும் தகப்பன், ஒற்றை அறை வாடகை, மூன்று பிள்ளைகள் என்றால் நீச்சல் வகுப்பு கைக்கெட்டாது. சில நகரசபைகள் இலவச நேரம் வைத்திருக்கின்றன. அது தெரியவேண்டிய வீடுகளுக்குத் தெரிவதில்லை. ஆனால் அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்து ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் வீடுகளிலும் நீந்தத் தெரியாத பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். அங்கே இல்லாதது நேரம். சனி காலை தமிழ்ப் பள்ளி, பின்னேரம் மிருதங்கம், ஞாயிறு ரியூசன். தெரிவுப் பள்ளிகளில் இடம் பிடிக்க எழுதும் லெவன் பிளஸ் பரீட்சை நெருங்கினால் முதலில் நிற்பது நீச்சல். "பரீட்சை முடியத் திரும்ப வருவாள் ரீச்சர்" என்பார்கள். வந்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம்.

பெண்பிள்ளைகள் என்றால் சாமத்தியவீட்டோடு சரி. அதுவரை மீன்குஞ்சு போல இருந்தவள் அடுத்த மாதமே இல்லை. போன வருடம் ஒரு பிள்ளை நின்றுவிடாமல் வந்தாள், தமையனின் பருத்தி ரீசேட்டைப் போட்டுக்கொண்டு. தண்ணீருக்குள் இறங்கியதும் அது பாரச்சூட் மாதிரி ஊதிக்கொண்டு மேலே வந்தது. நனைந்ததும் இரண்டு தோளையும் கீழே இழுத்தது. கை தூக்க முடியவில்லை. தாயிடம் கதைத்தேன். உடம்பு முழுவதையும் மூடுகிற உடுப்பு, நீச்சல் துணியிலேயே தைத்தது, கடைகளில் உண்டு. முஸ்லிம் பிள்ளைகள் போட்டுக்கொண்டுதான் பல தடாகங்களில் நீந்துகிறார்கள் என்று காட்டினேன். தாய்க்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அடுத்த கிழமை வாங்கிக் கொடுத்தார். பெண்களுக்கு மட்டுமான நேரம் இருந்தால் இன்னும் பலர் வருவார்கள். முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் அது இருந்தது. முதலில் ஞாயிறு இரவுக்குத் தள்ளினார்கள், பிறகு ஆட்கள் வருவது குறைவு என்று நிறுத்தினார்கள். மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கும்போது இரவு ஒன்பது மணிக்கு யார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவது?

அப்புறம் தலைமயிர். சிரிக்காதீர்கள், இது பெரிய தடை. இடுப்பளவு பின்னலைச் சாதாரண நீச்சல் தொப்பிக்குள் அடக்க முடியாது. குளோரின் பட்டால் மயிர் கொட்டும், வெயில் பட்டால் கறுத்துப்போவாள், நாளைக்கு யார் கட்டுவான் என்று அம்மம்மா தொடங்கிவிடுவார். கறுப்பினப் பிள்ளைகளின் அடர்ந்த மயிருக்காகச் செய்த பெரிய தொப்பியை 2021இல் உலக நீச்சல் கூட்டமைப்பு போட்டிகளில் அனுமதிக்க மறுத்தது. தலையின் இயற்கையான வடிவத்துக்கு அது பொருந்தவில்லையாம்! யாருடைய தலை என்று பெரிய எதிர்ப்பு எழுந்து, 2022இல் அனுமதித்தார்கள். பிரித்தானியாவுக்காக ஒலிம்பிக்கில் நீந்திய முதல் கறுப்பினப் பெண் அலிஸ் டியரிங் இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். கறுப்பின நீச்சல் சங்கத்தை 2020இல் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். அந்தத் தொப்பியைத்தான் நான் எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். பின்னல் முழுக்க உள்ளே போகும்.

சாதகத்தில் தண்ணீர்க் கண்டம் என்று பிள்ளையை அனுப்பாத வீடுகளும் உண்டு. கண்டம் இருக்கிறது என்று உண்மையாகவே நம்பினால் அந்தப் பிள்ளையைத்தான் முதலில் நீந்தப் பழக்க வேண்டும் என்று ஒரு தாத்தாவிடம் சொன்னேன். அவர் நல்லாய் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார். பேரன் இப்போது வருகிறான்.

எங்கள் உடம்புக்கு நீச்சல் வராது என்ற கதை பிள்ளைகளிடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "எங்கட ஆக்களின்ரை எலும்பு பாரம் மிஸ், நாங்கள் மிதக்க மாட்டம்" என்றான் பதினைந்து வயது ஒருவன். வவுனியாவிலிருந்து முந்தின வருடம் வந்தவன், மெல்லிய உடம்பு. மல்லாக்கப் படுக்கச் சொன்னேன். படுத்தான், ஆனால் தலையைத் தூக்கித் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலை உயர்ந்தால் இடுப்பு தாழும், இடுப்பு தாழ்ந்தால் ஆள் தாழ்வான். காதை நனைக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறான். காதுக்குள் தண்ணீர் போனால் தடிமன் பிடிக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். எங்கள் பிள்ளைகள் எல்லோருமே இந்த ஓரிடத்தில்தான் தட்டுப்படுகிறார்கள். பிடரிக்குக் கீழே இரண்டு விரலைக் கொடுத்து, கூரையில் இருக்கும் விளக்கைப் பார்க்கச் சொன்னேன். காது இரண்டும் நனைந்தன. மூச்சை இழுத்ததும் நெஞ்சு தண்ணீருக்கு மேலே வந்தது. கால் கொஞ்சம் தாழ்ந்தது. தாழட்டும், மெலிந்த ஆட்களுக்கு எந்த நிறமானாலும் அப்படித்தான். விரலை எடுத்துவிட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பக்கத்தில் நான் இல்லை என்று கண்டு எழும்பினான்.

இதைப் பழக்க ஒரு பின்னேரம் போதும். ஆர்.என்.எல்.ஐ. உயிர்காப்பு நிறுவனம் வருடக்கணக்காகச் சொல்லிவரும் 'மிதந்து பிழை' என்ற பாடம் இதுதான். குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் மூச்சு தன்பாட்டில் இழுக்கும், நெஞ்சு படபடக்கும். அந்த நேரத்தில் நீந்த முயன்றால் தண்ணீர் உள்ளே போகும். ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் அந்த அதிர்ச்சி அடங்கும். அதுவரை தலையைப் பின்னுக்குச் சாய்த்து, காதை நனையவிட்டு, கைகால்களை அகட்டி, மெல்ல அசைத்துக்கொண்டு மிதந்தால் போதும். பிறகு கையை உயர்த்தி உதவி கேட்கலாம். தடாகத்துத் தண்ணீர் முப்பது பாகைக்குக் கிட்ட இருக்கும். மே மாத வெயிலில் காற்று எவ்வளவு சுட்டாலும் ஆறும் கடலும் பெரும்பாலும் பதினைந்துக்குக் கீழேயே இருக்கும். தடாகத்தில் நாலு சுற்று நீந்துகிறவனும் அங்கே குதித்தால் திகைத்துப்போவான்.

எங்கள் பிள்ளைகளால் முடியாதது ஒன்றும் இல்லை என்பதற்கு நெதர்லாந்திலிருந்து லண்டனுக்குக் குடிவந்த தமிழ்ப் பிள்ளைகளே சாட்சி. அங்கே நீச்சல் சான்றிதழுக்குப் பிள்ளை உடுப்போடும் சப்பாத்தோடும் தண்ணீருக்குள் இறங்கி நீந்திக் காட்ட வேண்டும். நாடு முழுக்க வாய்க்கால். பெற்றோர் அதை விருப்பப் பாடமாக எண்ணுவதில்லை. அந்தப் பிள்ளைகள் என் வகுப்பில் வந்து நிற்கும்போது பார்க்கிறேனே, அதே நிறம், அதே பின்னல், வீட்டில் அதே தடிமன் பயம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. தமிழ்ப் பள்ளிகள், பழைய மாணவர் சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள் எல்லாம் உதைபந்தாட்டத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் மைதானம் பிடிக்கின்றன. அதேபோல ஒரு தடாகத்தை ஒரு மணித்தியாலம் பிடிக்கலாம். பாடசாலை நேரம் முடிந்த பிறகும் வார இறுதி மாலையிலும் பல தடாகங்களை வாடகைக்குத் தருவார்கள். பல இடங்களில் உயிர்காப்பாளரையும் அவர்களே ஒழுங்கு செய்வார்கள். பெண்களுக்கு ஒரு நேரம், மற்றவர்களுக்கு ஒரு நேரம் என்று பிரித்துக்கொள்வது எங்கள் கையில். பெற்றோரும் இறங்க வேண்டும். தாய் இறங்கினால் பிள்ளை நிற்காது. ஜூலை 25ஐ உலக மூழ்கல் தடுப்பு நாள் என்று ஐக்கிய நாடுகள் 2021இல் அறிவித்தது. எங்கள் பள்ளிகள் விடுமுறைக்கு மூடுவதும் அதை ஒட்டித்தான். மூடுவதற்கு முந்தைய சனிக்கிழமை பரிசளிப்பு உரைகளில் ஒன்றைக் குறைத்தால் கடற்கரைக் கொடிகளைப் பற்றிச் சொல்ல நேரம் வரும். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் குளிக்கலாம்; முழுச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. ஒருவர் தத்தளித்தால் பின்னால் குதிக்காமல் 999ஐ அழைத்து, கடல் என்றால் கோஸ்ட்கார்டையும் ஆறு, ஏரி என்றால் தீயணைப்புப் படையையும் கேட்க வேண்டும். மிதக்கும் ஏதாவது கையில் கிடைத்தால் எறியலாம். இதைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது.

உங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கிறேன். ராசிபலன் பக்கத்தில் "நீர்வழிப் பயணத்தைத் தவிர்க்கவும்" என்று அடிக்கடி போடுகிறீர்கள். அதன் பக்கத்தில் கோடை முடியும்வரை ஒரு சின்னப் பெட்டி கட்டி, லண்டன் சனம் வழக்கமாகப் போகும் கடற்கரைகளில் அந்த வார இறுதியில் கடல் ஏறும் நேரத்தையும் உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தையும் போடுங்கள். இரண்டும் இணையத்தில் எடுக்கக்கூடிய விபரங்கள்தான். பிள்ளைகள் பத்திரிகை படிப்பதில்லை, தெரியும். தாய்மார் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவார்கள்.

தடாகம் பிடிக்க விரும்பும் பள்ளியோ சங்கமோ இருந்தால் விண்ணப்பத்தை நிரப்பவும், தகுதியான பயிற்றுநர்களைத் தேடவும் நான் உதவுகிறேன். மிதக்கும் பாடத்தைக் காசு வாங்காமல் நானே எடுப்பேன். என் தொலைபேசி எண்ணை இந்தக் கடிதத்தோடு தனித் தாளில் இணைத்திருக்கிறேன். பிரசுரிக்க வேண்டாம், கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
நீச்சல் பழக்கும் ஒரு வாசகி,
ஹரோ, லண்டன்.